சாய்ந்த தெருவில் அஞ்சலா

நங்கூரத் தெரு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் சாய்ந்தது. மேற்கு முனை எழும்பி, கிழக்கு முனை கடலைப் பார்த்து இறங்கி, ஒரு பின்பால் மெஷினின் பலகை எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டுமோ அவ்வளவே, ஒரு நூல் கூடாமல் ஒரு நூல் குறையாமல் சாய்ந்து நின்றது. மேல்முனையில் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்த சவேரியம்மாவின் தட்டிலிருந்து ஒரு பெரிய வெங்காயம் கிளம்பி, தெருவின் நட்டநடுவாக, யாரையும் திரும்பிப் பார்க்காமல், வேலைக்கு நேரமாகிவிட்ட ஆளைப் போலக் கடலுக்குப் போனது.

"ஏட்டி ஜெனோவா, என் வெங்காயம் போறதப் பாத்தியா?" என்று சவேரியம்மா எதிர்க்கடையைப் பார்த்துக் கேட்டாள்.

கடைக்குள் ஜெனோவா ஒரு கையில் ஸ்பானரும் இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையுமாக நின்றிருந்தாள். "பாத்தேங்க்கா" என்றாள். தெருவைச் சாய்த்தது தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தூத்துக்குடியில் அந்த ஒரு தெருவில்தான் பின்பால் மெஷின் விற்றார்கள். யாரோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, ஏனோ எடுக்க வராமலே போன ஒரு கண்டெய்னர் துறைமுகத்தில் வருஷக்கணக்காய்க் கிடந்து, ஏலத்துக்கு வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே தெருக்காரர்கள் கூட்டாக எடுத்த கதை அது. திறந்து பார்த்தால் அறுபது மெஷின். கண்ணாடி மூடிய, நாலு காலுள்ள சாய்வுப் பலகை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் ஒரு இரும்புக் குண்டு மேலேறி, மணிகளில் முட்டி, விளக்குகளில் முட்டி, கிணுங்கிக்கொண்டே இறங்கும். அடியில் இடமும் வலமுமாக இரண்டு சின்னத் துடுப்புகள். பட்டனைத் தட்டினால் துடுப்பு துள்ளிக் குண்டை மேலே அனுப்பும். இரண்டுக்கும் நடுவே குண்டு விழுந்துவிட்டால் ஆட்டம் போச்சு. அன்றிலிருந்து அதுவே பிழைப்பாகி, குற்றாலம் சீசன் கடைக்காரர்களும் கொடைக்கானல் ஓட்டல்காரர்களும் திருவிழாப் பொருட்காட்சிக்காரர்களும் அந்தத் தெருவுக்குத்தான் வந்தார்கள்.

கடை மூன்று. கீழ்முனையில், கடலுக்கு இறங்கும் படிக்கு இந்தப் பக்கம் மொராயிஸ், அந்தப் பக்கம் பால்துரை. மேல்முனையில் ஜெனோவா. வண்டி வாடகை இலவசம் என்று மொராயிஸ் போர்டு வைத்தால், ஒரு டஜன் குண்டு இலவசம் என்று பால்துரை மறுநாளே வைப்பார். பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஜெனோவாவால் இலவசமாகக் கொடுக்க முடிந்ததெல்லாம் ஏலக்காய் டீதான். அவள் புருஷன் ரெக்ஸன் கடையை ஆரம்பித்துவிட்டு, கடை நிற்கிறவரைக்கும் என்று சொல்லிக் கப்பலேறியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான்.

குழந்தை எட்டாம் மாசத்திலேயே பிறந்தது. உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார்கள். அஞ்சலா என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து ஜெனோவாவுக்குப் பயம். பால் புரையேறிவிடுமோ, உச்சிக்குழி துடிக்கிறது நின்றுவிடுமோ, தூங்கும்போது மூச்சுவிட மறந்துவிடுமோ என்று பயம். தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்து, அதில் ஆவி படிகிறதா என்று பார்ப்பாள். படிந்தால் துடைத்துவிட்டு மறுபடியும் பிடிப்பாள். கான்வென்ட்டில் படித்த காலத்தில் ஹில்டா சிஸ்டர், "ஜெனோவா, கோடில்லாத தாள் கொடுத்தால் உன் எழுத்து மலை ஏறுது, பாரு" என்று சொல்வார். மற்றபடி ஜெபம் சொல்வதில் அவள்தான் வகுப்பிலேயே நிதானம். பயம் வந்தபிறகு அந்த ஜெபங்களெல்லாம் ஓட ஆரம்பித்தன. அருள்நிறைந்த மரியே என்று தொடங்குவதற்குள் முடிந்துவிடும்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. ஏனென்றால் நங்கூரத் தெருவில் மெஷினின் சாய்வை அளப்பது சிலுவை போட்டுத்தான். குண்டைப் பலகையின் உச்சியில் வைத்து விரலை எடுத்துவிட்டு, நெற்றியில் தொட்டு பிதா, நெஞ்சில் தொட்டு சுதன், தோளுக்குத் தோள் பரிசுத்த ஆவியின் பேராலே என்று வந்து, ஆமென் சொல்லும்போது குண்டு அடியில் வந்து டொக்கென்று தட்ட வேண்டும். முந்தித் தட்டினால் பின்கால் திருகை இறக்க வேண்டும், பிந்தித் தட்டினால் ஏற்ற வேண்டும். பால்துரை சி.எஸ்.ஐ. சபைக்காரர் என்பதால் சிலுவை போடமாட்டார்; மூன்று ஸ்தோத்திரம் சொல்வார். ஸ்தோத்திரத்தில் ஏற்றிய மெஷினில் குண்டு எரிந்து விழுகிறது என்று மொராயிஸ் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதுதான் அந்தப் பதினோரு வருஷம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொடைக்கானலிலிருந்து ஒரு ஓட்டல்காரர் வருவதாக இருந்தது. ஜெனோவா குண்டை வைத்து விரலை எடுத்து, "பிதாசுதன்பரிசுத்தாவியின்பேராலேயாமென்" என்றாள். குண்டு பாதி வழியில் இருந்தது. திருகை ஒரு சுற்று ஏற்றினாள். மறுபடி சிலுவை, மறுபடி குண்டு பாதி வழியில். தொட்டிலில் பிள்ளை செருமியது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சிலுவை போட்டாள், இன்னும் ஒரு சுற்று ஏற்றினாள். ஏழு சுற்றில் மரை முடிந்துவிட்டது. இனி ஏற இடமில்லை. அவள் ஸ்பானரைக் கோத்து, மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத மரையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். மெஷின் எழும்பவில்லை. தெரு எழும்பியது.

பயந்துபோய்த் திருகைத் திருப்பிச் சுற்றினாள். மெஷின் இறங்கியது. தெரு இறங்கவில்லை.

கொடைக்கானல்காரரின் கார் மேல்முனையில் வந்து நின்றது. நின்ற கார் நிற்காமல் நகர்ந்து, அவர் கை காட்டக் காட்ட மொராயிஸ் கடை வாசலில் போய்த் தானாக நின்றது. போனது போகட்டும் என்று அவர் அங்கேயே இரண்டு மெஷின் வாங்கிக்கொண்டு போனார்.

தெரு அதற்கு அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்தது. கிழக்குப் பக்கத்துக் கட்டில் கால்களுக்கெல்லாம் கட்டை வைத்தார்கள். குடங்களுக்குப் பிரிமணை கட்டினார்கள். எந்த வீட்டுத் தோசையும் கிழக்கே தடித்து மேற்கே மெலிந்து வந்தது. தடித்த பக்கம் யாருக்கு என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சமாதானமும் ஆனது. ஆட்டோக்காரர்கள் இறங்கும்போது இன்ஜினை அணைத்தார்கள், ஏறும்போது முனகினார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் ரசமட்டத்தோடு வந்து தெருவின் நடுவே வைத்துப் பார்த்தார். குமிழி சரியாக நடுவில் நின்றது. 'தெரு மட்டமாக உள்ளது' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். பேனா கடலுக்குப் போய்விட்டது. கையெழுத்துக்குச் சவேரியம்மா மகளின் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல ஏறிப் போனார். யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. காரணம், முப்பது வருஷமாக நின்ற இடத்திலேயே நின்று நாறிக்கொண்டிருந்த சாக்கடை அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து சலசலவென்று ஓடியது, கொசு குறைந்தது, மல்லாந்து படுத்துத் தூங்க முடிந்தது.

ஆனால் எல்லாம் உருண்டது. தேங்காய், தக்காளி, பந்து, மருந்து பாட்டில், மாதா கோவில் சப்பரத்திலிருந்து கழன்ற ஒரு பித்தளைக் குமிழ், கொஞ்சம் குடித்திருந்தால் ஆட்களும்கூட. ஆகவே ஜனங்கள் காலை நீட்டக் கற்றுக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டே, பேன் பார்த்துக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, வருகிற சத்தத்தைக் கேட்டுக் காலை நீட்டி, பாதத்தின் உட்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினால், தேங்காய் எதிர்வீட்டுக் காலுக்குப் போகும்; அங்கிருந்து மேல்வீட்டுக் காலுக்கு; இப்படி உடைமைக்காரரின் வாசலுக்கே திரும்பிவிடும். வடக்கு வரிசை வீடுகளுக்கு வலதுகால், தெற்கு வரிசைக்கு இடதுகால் என்று ஆனது. பெண் பார்க்கப் போனால் எந்தக் கால் வாகு என்றுகூடக் கேட்டார்கள். எல்லாரையும் தப்பி வந்ததைக் கடைசியில் மொராயிஸும் பால்துரையும்தான் நிறுத்த வேண்டும். படிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், காலை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவே விழுந்தது கடலுக்கு.

உருண்டு வந்த வாடிக்கையாளர்களும் கீழேதான் போனார்கள். தன் கையாலேயே தன் கடையை மலையில் ஏற்றிவிட்டதை ஜெனோவா புரிந்துகொண்டாள். ஆனால் கீழே வந்ததையெல்லாம் மேலே தட்டிவிடுவது தெருவின் பழக்கமாகிவிட்டதால், மொராயிஸும் பத்துக்கு மூன்று பேரை, "மேல ஒரு புள்ள இருக்கு, கான்வென்ட்ல படிச்சவ, மெஷின் புஸ்தகத்த அவதான் தண்ணிபட்ட பாடா வாசிப்பா, அங்க போங்க" என்று தட்டிவிடுவார். பால்துரை அதைக் கேட்டுவிட்டு நாலு பேரைத் தட்டிவிடுவார். இரண்டு பேர் போட்டியிலேயே அவள் கடை விழாமல் நின்றது.

ஒருநாள் மொராயிஸ், ஆங்கிலத்தில் இருந்த மெஷின் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். அவள் குண்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, சிலுவை போடுதியா, ஈ வெரட்டுதியா?"

"சிலுவைதாண்ணே."

"இந்த வேகத்துல போட்டா எந்த ஆண்டவருக்கும்மா கேக்கும்? அந்தப் புள்ளையக் கொஞ்சம் கீழ விடேன். இடுப்புலயே காய்ச்சுத் தொங்குது."

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

அதுதான் அவளுடைய துக்கம். தெரு சாய்ந்த நாளிலிருந்து அஞ்சலாவை அவள் தரையில் விட்டதே இல்லை. வெங்காயம் போன வழியைக் கண்ணால் பார்த்தவள் அவள். பிள்ளை இடுப்பிலேயே இருந்தது. இடுப்பில் இல்லாதபோது, உள்ளெல்லாம் கழற்றிய ஒரு பழைய மெஷின் பெட்டிக்குள் தலையணை மெத்தை போட்டு, அதற்குள் இருந்தது. பெட்டியை மெஷின் நகர்த்துகிற சக்கரப் பலகையில் ஏற்றிவைத்து, தான் போகிற பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு போவாள்; நிற்கிற இடத்தில் சக்கரத்துக்கு அடியில் இரண்டு செங்கல். பெட்டிக்குள் இரண்டு மணிகள் மட்டும் கழற்றாமல் மிச்சமிருந்தன. பிள்ளை அவற்றைத் தட்டித் தட்டி ஆறு மாதமானது, எட்டு மாதமானது, ஒரு வயதும் ஆனது. கேக் வெட்டினார்கள், கேக்கும் கிழக்கே தடித்திருந்தது. பிள்ளைக்குக் கால் இருந்தது, காலில் கொலுசும் இருந்தது, உள்ளங்காலில் மட்டும் ஒரு மண் இல்லை.

"ஒரு வயசுப் புள்ளைக்கு உள்ளங்கால் பூ மாதிரி இருக்கப்படாதுட்டி" என்றாள் சவேரியம்மா. "தரைய மிதிச்சாத்தான கால் வலுக்கும்? இப்படியே வச்சிருந்தா நடக்கவே மறந்துரும், பாத்துக்க."

"உருண்டிருமேக்கா."

"உருண்டா இத்தன கால் இல்லியா?"

ரெக்ஸனிடம் போனில் அழுதாள். அவன், "கப்பல்ல தரை எப்பவும் சாஞ்சுதான் கெடக்கும் ஜெனோ, பழகிரும்" என்றான். அவனுக்குப் பின்னால் கடல் இரைந்தது. அவளுக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, மாதா கோவிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கிழக்குப் பக்கம் மூன்று கட்டை வைத்து நிமிர்த்திய, சாமியார் உள்ளே இருந்த பெட்டிக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டு, "சாமி, தெருவச் சாச்சது நான்தான்" என்றாள். உள்ளே சாமியாரின் நாற்காலி கிரீச்சிட்டது. "எதுக்கும்மா?" "குண்டு மெதுவா வந்துச்சு சாமி." "சாக்கட ஓடுது" என்றார் சாமியார், "அதனால பாவம்னு சொல்ல முடியாது. மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லு. ஆனா மெதுவாச் சொல்லணும், அதுதான் ஒன் பரிகாரம்." அவள் பீடத்துக்கு முன் போய் முழந்தாளிட்டாள். முழந்தாள் தரையைத் தொடுவதற்குள் மூன்றும் முடிந்துவிட்டிருந்தன. பரிகாரம் பாக்கி என்ற நினைப்போடேயே வீட்டுக்கு ஏறினாள்.

அஞ்சலாவுக்குப் பதின்மூன்று மாதமான வாரத்தில், ஒரு முற்பகல், கொடைக்கானல்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை காரைத் தெருவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, முதலில் கீழே போய், மொராயிஸால் மேலே தட்டிவிடப்பட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். வாசலில் பெட்டி நின்றது, பெட்டிக்குள் பிள்ளை நின்றது. அவர் உள்ளே இருந்த மெஷினின் கண்ணாடியைத் தூக்கச் சொன்னார். கண்ணாடிக்கு இரண்டு கையும் வேண்டும். ஜெனோவா இரண்டு கையையும் கொடுத்தாள். நல்ல மனுஷன், சும்மா நிற்க மாட்டாமல் வாசலில் கிடந்த செங்கல்லைப் பார்த்து, யாராவது தடுக்கி விழுந்துவிடப்போகிறார்களே என்று, ஒன்றுக்கு இரண்டாக எடுத்து ஓரமாய் வைத்தார்.

பெட்டி கிளம்பியது.

அவள் கண்ணாடியைப் போட்ட சத்தத்தில் சவேரியம்மா நிமிர்ந்தாள். மின்கம்பத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த பெட்டியை, மீனும் கையுமாக உட்கார்ந்தபடியே வலதுகாலை நீட்டி ஒரு தட்டுத் தட்டினாள். மணி அடித்தது. பெட்டி எதிர்வரிசைக்குச் சாய்ந்து போனது. அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த லோன்சு அண்ணன் பேப்பரை இறக்காமலே இடதுகாலை நீட்டினார், மணி அடித்தது. காய்கறிக்காரி நீட்டினாள், மணி அடித்தது. தலைக்குக் குளித்து வந்த பெண் துண்டோடு நீட்டினாள், தையல்காரர் மெஷினை நிறுத்தாமல் நீட்டினார். சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு காலை நீட்டிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்கள். வடக்கும் தெற்குமாக, இடமும் வலமுமாக, காலுக்குக் காலாகப் பெட்டி போய்க்கொண்டிருக்க, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மணியும் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் வேகக் குறைவுமாக, நங்கூரத் தெரு முழுக்க ஒரு பெரிய மெஷின் விளையாடுகிற சத்தம் கேட்டது. பெட்டிக்குள் அஞ்சலா விளிம்பைப் பிடித்து நின்றுகொண்டு, பல் முளைத்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். வாய் அதுபாட்டுக்குப் பிதாசுதன் பிதாசுதன் என்று அடித்துக்கொண்டது, ஒன்றும் முடியவில்லை.

கடைசி வீட்டுக் காலையும் கடந்து பெட்டி படிக்கு நேராக வந்தது. நட்டநடுவில் வந்தது. வலதுகாலுக்கும் எட்டாத, இடதுகாலுக்கும் எட்டாத அந்த நடுவில்.

"பால்தொர!" என்று கத்தினார் மொராயிஸ். "நாற்காலிய விட்டு எந்திரியும்வே!"

"நீரு மொதல்ல எந்திரியும்வே!" என்றார் பால்துரை.

இரண்டு பேரும் எழுந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு அது. மொராயிஸின் வலதுகாலும் பால்துரையின் இடதுகாலும் முதல் படிக்கு ஒரு முழம் முன்னால் ஒன்றையொன்று போய் முட்டின, பெட்டி அதில் வந்து முட்டியது, மணி அடித்தது, நின்றது.

மொராயிஸ் பெட்டிக்குள் கைவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். தூக்கியவர், தெருவில் யாருக்கும் தோன்றாததைச் செய்தார். அல்லது எல்லாருக்கும் எட்டு மாதமாகத் தோன்றிக்கொண்டே இருந்ததைச் செய்தார். அவளைத் தரையில் விட்டார்.

"அண்ணே, வேண்டாம்!" என்று மேலேயிருந்து அலறியவள், அலறிய வேகத்தில் கால் வழுக்கி, அவர்களுக்குப் பத்தடி மேலே, தெருவின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் சிராய்த்தது; கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

அஞ்சலா குனிந்து தரையைப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள். ஒரு கையில் மொராயிஸின் கைலி, மறு கையில் பால்துரையின் வேட்டி. அவளுக்குப் பின்னால் படி, படிக்குப் பின்னால் கடல். இரண்டு கடைக்காரர்களும் நீட்டிய காலை எடுக்காமல், அவளுக்குப் பின்னால் வேலி மாதிரி நின்றார்கள். தெருவில் எல்லா வாசலிலும் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள், எல்லாருடைய காலும் நீண்டிருந்தது.

"ஓடாதட்டி" என்றாள் சவேரியம்மா, எப்போது இறங்கி வந்தாளோ, ஜெனோவாவின் தோளில் மீன் வாசனைக் கையை வைத்து. "நீ ஓடுனா அவ பயந்துருவா. இங்கனயே இரி."

பிள்ளை கைலியை விட்டது. வேட்டியை விட்டது. இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த கால் அது. மட்டமான தரை என்று ஒன்று உண்டென்றே அதற்குத் தெரியாது. ஒரு அடி மேலே வைத்தது.

ஜெனோவா நெற்றியைத் தொட்டாள். வாய் ஓடப் பார்த்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிதா, என்றாள். பிள்ளை இரண்டாவது அடி வைத்துத் தள்ளாடியது, முன்னால் கை ஊன்றியது, ஏற்றத்தில் விழுந்ததால் அடிபடாமல் அப்படியே எழுந்தது. அவள் காத்திருந்தாள். நெஞ்சைத் தொட்டாள். சுதன். பிள்ளை நின்று, சாக்கடையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தது, ஒரு மல்லிகைப் பூ அதில் போவதைக் கடைசிவரை பார்த்தது, பிறகு மறுபடி அம்மாவைப் பார்த்தது. அதற்கும் காத்திருந்தாள். இடது தோள். பரிசுத்த ஆவியின். தெருவில் ஒரு தட்டு விழவில்லை, ஒரு தேங்காய் உருளவில்லை. நாலு அடி, ஐந்து அடி, கொலுசு கிணுங்க ஏறி வந்தது. உள்ளங்கால் இரண்டும் கறுத்திருந்தன. வலது தோளில் கையை வைத்து, பேராலே, என்றவள், அதற்கு மேல் சொல்லாமல் அந்தக் கையையும் நீட்டி விரித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளையின் நெற்றி அவள் நெஞ்சில் வந்து டொக்கென்று தட்டியது.

"ஆமென்" என்றாள் ஜெனோவா.